மிடி கேபிளில் ஒலி வருவதில்லை
மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை; அதன் வழியே பதிவுக் கருவியை இயக்குவது மிடி மெஷின் கன்ட்ரோல். இந்த மிடி மெஷின் கன்ட்ரோல் மென்பொருள், பல தட நாடாப் பதிவுக் கருவியில் உள்ள ஒலியை மிடி கேபிள் வழியாகவே கணினிக்குக் கொண்டுவந்துவிடும் என்ற கருத்து தவறு. உண்மையில் அது ஓட்டு, நிறுத்து, இன்ன இடத்துக்குப் போ, இந்தத் தடத்தில் பதிவு செய் என்பன போன்ற கட்டளைகளையும் அவற்றுக்கான பதில்களையும் மட்டுமே கடத்துகிறது. மிடியின் வேகம் வினாடிக்கு 31,250 பிட். சிடி தரத்தில் ஒரே ஒரு தடத்தின் ஒலிக்கே வினாடிக்கு 7,05,600 பிட் தேவை.

ஐயமுள்ளவர்கள் ஒரு மிடி மானிட்டரை (மிடி செய்திகளைத் திரையில் காட்டும் மென்பொருளை) திறந்துவைத்து, மென்பொருளில் ப்ளே பொத்தானை அழுத்திப் பார்க்கலாம்: எடுத்துக்காட்டாக 240, 127, 127, 6, 2, 247 என ஆறே எண்கள்தாம் தெரியும் (மூன்றாவது, கருவியின் அடையாள எண் என்பதால் மாறலாம்). பிறகு மிடி கேபிளைக் கழற்றிவிட்டு, கருவியிலுள்ள பொத்தானையே அழுத்தினால், தனி ஒலி கேபிள்களால் அதனுடன் இணைந்த மிக்சரில் எல்லாத் தடங்களும் முன்போலவே கேட்கும்.