கோபுரம் பிடித்த ரொக்கெட் நிலவிலிருந்து வந்ததல்ல

"தனியார் ரொக்கெட் நிலவில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிறது" என்ற குறிப்போடு ஒரு காணொளி மட்டக்களப்பு, கல்முனைப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. காணொளி உண்மை. குறிப்பு பொய்.

அது 2024 ஒக்டோபர் 13இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் எடுத்தது. தனியார் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் என்ற கலத்தை மேலே தள்ளிவிட்ட ரொக்கெட்டின் அடிப்பகுதி, புறப்பட்டு ஏழு நிமிடமளவில் ஏவுதளக் கோபுரத்தின் இரு கைகளுக்கிடையே வந்து தொங்கியது. அதில் ஆளே இல்லை. பின்னணியைப் பாருங்கள்: வானம் வெளிச்சமாயிருக்கிறது, புகை சுருண்டு மேலெழுகிறது. நிலவில் பகலிலும் வானம் கறுப்புத்தான். காற்றில்லாத இடத்தில் புகை சுருளாது.

நிலவில் மனிதரை இறக்கும் கலத்துக்கு நாசா 2021இல் ஸ்பேஸ்எக்ஸையும் 2023இல் புளூ ஒரிஜின் என்ற இன்னொரு தனியார் நிறுவனத்தையும் தெரிவுசெய்தது. ஸ்டார்ஷிப்பின் நிலவுக் கலம் ஏறத்தாழ 50 மீற்றர், இரண்டு நெடுந்தென்னை உயரம். வீரர்கள் லிப்டில்தான் தரைக்கு வரவேண்டும். அது பூமிக்குத் திரும்பாது, வெப்பக் கவசமே கிடையாது. வீட்டுக்குக் கூட்டி வருவது நாசாவின் ஒரையன் கலம்.

பெரிய சிக்கல் எரிபொருள். பூமியைச் சுற்றும்போதே எரிபொருள் சுமக்கும் தாங்கிக் கலங்கள் பல தடவை வந்து மெதேனும் ஒட்சிசனும் நிரப்பவேண்டும். திரவ ஒட்சிசன் −183 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். காத்திருக்கக் காத்திருக்க இழப்பு. எடையற்ற நிலையில் திரவம் தொட்டியின் அடியில் நிற்காது, மெல்ல உந்தி ஒரு பக்கம் ஒதுக்கித்தான் மாற்றலாம். புளூ ஒரிஜின் பாடு இன்னும் கடினம்: அதன் எரிபொருளான திரவ ஐதரசனுக்கு −253 பாகை வேண்டும்.

2025 மார்ச் 2இல் ஃபயர்ஃபிளை என்ற தனியார் நிறுவனத்தின் புளூ கோஸ்ட் கலம் நிலவில் இறங்கியது நிசம்தான், ஆனால் ஆளில்லாமல். மனிதர் கடைசியாக அங்கே நின்றது 1972 டிசம்பரில், அப்பலோ 17 பயணத்தில்.