மயிலாப்பூரில் மனிதர்களும் வசிக்கிறோம்

மயிலாப்பூரின் பாரம்பரியத்துக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்களில் பலர் அங்கேயே இருந்தீர்கள். வராதவர்களும் இதற்குள் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே யார் எதைச் சொன்னார் என்று மறுபடியும் அடுக்கப் போவதில்லை. அங்கே பேச வந்த ஒரு அம்மாள் கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காணொளியில் அது இல்லை. இல்லாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது.

லேபிள் பாதி கிழிந்த பழைய பழச்சாறு பாட்டில். உள்ளே மங்கிய மஞ்சள் நிறத்தில், அன்று காலை அடிபம்பில் அடித்துப் பிடித்த தண்ணீர். அடியில் ஒரு விரற்கடை அளவுக்குக் கறுப்பு வண்டல். அவர் அதை மேடை மேசையில், குத்துவிளக்குக்கும் சிறப்பு விருந்தினருக்கான பூங்கொத்துக்கும் நடுவில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். படம் எடுக்க வந்த பையன் கையை ஆட்டிச் சைகை காட்டவும், அமைப்பாளர்களில் ஒருவர் பாட்டிலை இரண்டு விரலால் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தார். பிறகுதான் அந்தப் பொன்மொழி ஒலிபெருக்கியில் வந்தது: “அம்மா, இது பாரம்பரியத்துக்கான மேடை. இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களை அப்புறம் பேசிக்கலாம்.” அதற்குக் கைதட்டல் வேறு.

அதோடு நிற்கவில்லை. குடியிருப்போர் மடலின் கடைசிப் பக்கம் அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்படும் என்றும், அந்த இடத்தில் மயிலையின் பழைய புகைப்படங்கள் வெளியிடப்படும் என்றும் அறிவித்தார்கள். கடைசிப் பக்கத்தில் என்ன வந்துகொண்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் தண்ணீர் வருகிறது, என்றைக்கு மின்தடை, ரேஷன் கடையில் பருப்பு வந்ததா இல்லையா, கண் பரிசோதனை முகாம் எங்கே, எந்த வீட்டில் மாடிப் போர்ஷன் காலி, யார் காலமானார். இவையெல்லாம் சில்லறையாம். ஓட்டு வீட்டுத் திண்ணையின் கறுப்பு வெள்ளைப் படம்தான் நோட்டாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். ஒரு பழைய குடியிருப்பில் வசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அன்றாடச் செய்தி, அந்த இடத்தின் பாரம்பரியத்துக்கு வெளியே நிற்கிற விஷயம் அல்ல. அதுதான் பாரம்பரியத்தின் உட்கூடு. திண்ணை எதற்காகக் கட்டப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? படம் பிடிப்பதற்கா?

பாரம்பரியம் பேசுகிறவர்கள் எல்லோரும் சம்பந்தரிடம் போய் நிற்பார்கள். கூட்டத்திலும் பூம்பாவைப் பதிகம் பாடித்தான் தொடங்கினார்கள், நன்றாகவே பாடினார்கள். பாடியவர்கள் அதை ஒருமுறை காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். சாம்பலாகிக் குடத்தில் இருக்கும் ஒரு பெண்ணை எழுப்ப வந்தவர், ஏழாம் நூற்றாண்டில், அவளிடம் தத்துவமா பேசுகிறார்? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதவாரியாக மயிலையில் நடப்பதையெல்லாம் சொல்லி, இதைக் காணாமலே போய்விடுவாயா என்று கேட்கிறார். முதல் பாட்டிலேயே அடியாருக்கு அமுதிடும் செய்தி வந்துவிடுகிறது. இன்றைக்கும் அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் வழிநெடுக நடக்கிற அன்னதானத்துக்கு அதைவிடப் பழைய அறிவிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பதிகம் பக்தி இலக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்றைக்கு என்ன நடக்கிறது, யார் வீட்டுப் பெண்கள் விளக்கேற்றுகிறார்கள், எங்கே சோறு போடுகிறார்கள் என்று இந்த இடத்தைப் பற்றிய செய்தியாகவும் அது இருக்கிறது. சம்பந்தர் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் அவரையும் அப்புறம் பேசச் சொல்லியிருப்பார்கள்.

அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால், 1994-க்கு வாருங்கள். பத்திரிகையாளர் வின்சென்ட் டிசோசா தொடங்கிய ‘மயிலாப்பூர் டைம்ஸ்’, வார இறுதியில் வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழுகிற தாளாக நம்மில் பலருக்கு அறிமுகமானது. உடைந்த நடைபாதை, வழியும் சாக்கடை, நூறாண்டைத் தொட்ட பள்ளிக்கூடம், சபா நிகழ்ச்சி, வீட்டு வேலைக்கு ஆள் தேவை என்கிற வரி விளம்பரம் எல்லாம் ஒரே தாளில் வந்தன. அதே கைகள்தான் ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவை நடத்தி, வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி வைத்தன. கோலத்தையும் சாக்கடையையும் ஒன்றாக வைத்தால் கோலத்துக்குத் தீட்டு வந்துவிடும் என்று அங்கே யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. கோலம் போடுகிற வாசலில் சாக்கடை வழிந்தால் என்ன ஆகும் என்பது கோலம் போடுகிறவளுக்குத் தெரியும். படம் பிடிப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

(இடையில் ஒன்று. கபாலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடிக்காத மயிலாப்பூர்க்காரர் இருக்க மாட்டார். அந்தக் கடையின் பெயரில் ‘நியூஸ்பேப்பர் மார்ட்’ என்று இருப்பது எத்தனை பேர் கண்ணில் படுகிறது? ரோஸ் மில்க்கும் நாளிதழும் ஒரே கடையில் விற்றதில் எந்தப் பாரம்பரியமும் கெட்டுப்போகவில்லை.)

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். “புகார் சொல்ல மாநகராட்சியின் 1913 என்கிற தொலைபேசி எண் இருக்கிறது, செயலி இருக்கிறது, எதற்கு ஒரு மடலின் பக்கத்தை வீணாக்க வேண்டும்?” என்று கேட்கிறீர்கள். மிகவும் நியாயமான கேள்வி போலத்தான் காதில் விழும். புகார் என்பது எனக்கும் அலுவலகத்துக்கும் இடையில் நடப்பது. எனக்கு ஒரு எண் கிடைக்கும், அதோடு முடிந்தது. செய்தி என்பது என் வீட்டுக் குழாயில் வந்த நாற்றத்தை, அடுத்த தெருவில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண் அவள் வீட்டுக் குழாயில் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் வீட்டில் சுத்திகரிப்புக் கருவி இருக்கிறது என்று அர்த்தம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மின்சாரம் போய்ச் செல்பேசிகள் எல்லாம் செத்துக் கிடந்தபோது எந்தச் செயலி உங்களுக்குப் பால் வாங்கிக் கொடுத்தது? நகரமே பாலுக்குத் திண்டாடியது. எந்தக் கடையில் பாக்கெட் வந்திருக்கிறது, எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர், எந்த வீட்டில் ஆக்ஸிஜன் உருளையோடு பெரியவர் இருக்கிறார் என்பதையெல்லாம் குடை பிடித்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய்ச் சொன்னவர்கள் யார்? லஸ் பக்கம் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டத் தொடங்கியதிலிருந்து எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எந்தத் தெரு ஒருவழி என்று காலையும் மாலையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதானே வெளியே கிளம்புகிறோம்? இரண்டு தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையம் திறக்கும் நாளில் அமைப்பாளர்கள் மலர் தூவி வரவேற்பார்கள். அதுவரை பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு வரி வேண்டாமா?

மடலின் இந்தக் கடைசிப் பக்கம் ஏன் தொடங்கப்பட்டது என்பதை இதுவரை பொதுவில் சொன்னதில்லை. என் சித்தப்பா விடியற்காலையில் காலமானார். ஐஸ் பெட்டி வந்தது, கும்பகோணத்திலிருந்து உறவினர்கள் வந்து சேரப் பிற்பகல் ஆயிற்று, வாத்தியார் நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்தினார். வண்டி போய் நின்றால், மயானத்து இரும்புக் கதவில் சங்கிலி. தகன மேடையில் பராமரிப்புப் பணி நடப்பதாக ஒரு வெள்ளைத் தாள், கம்பியில் நூலால் கட்டப்பட்டுக் காற்றில் திரும்பித் திரும்பி ஆடியது. அடுத்து எங்கே போவது என்று பையன்கள் ஆளுக்கொரு பக்கம் தொலைபேசிக்கொண்டிருக்க, சித்தப்பா வெயிலில், தெருவில், வண்டிக்குள் இருந்தார். வீட்டில் சித்தி, கழுவிவிட்ட தரையில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுபவர் சொன்னார்: “முந்தாநாளே மூடிட்டாங்கம்மா, எங்க சந்துல ஒரு கெழவி போய்த் திரும்பி வந்தாங்க. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.” அவருக்குத் தெரிந்திருந்தது. ஐம்பது அடி தள்ளி இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் நானும் இன்னும் இரண்டு பெண்களும் வீடு வீடாகவும் வண்டிக்கடை வண்டிக்கடையாகவும் கேட்டு எழுதி அந்தப் பக்கத்தை நிரப்ப ஆரம்பித்தோம். இஸ்திரிக்காரர்தான் இன்றுவரை எங்களுடைய மிகச் சிறந்த நிருபர். அந்தப் பக்கத்துக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேடையில் வைத்து மங்களம் பாடினார்கள்.

“அவர்களும் தொண்டர்கள்தானே, சொந்தக் காசைப் போட்டு நடத்துகிறார்கள்” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆமாம், நடத்துகிறார்கள். நாங்களும் சம்பளம் வாங்கவில்லை.

“கடைசிப் பக்கம் என்றாலே வம்பு” என்றும் ஒரு கருத்து. யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்று நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. மாறாக, பாரம்பரியம் என்கிற பெயரில் கூட்டத்தில் சிற்றுண்டி நேரத்தில் நடந்த பேச்சைக் கேட்டவர்களுக்கு, வம்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது தெரியும்.

இவற்றையெல்லாம்கூட விட்டுவிடலாம். என்னை உறங்கவிடாமல் செய்தது, காணொளிக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்த வரி: வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு மயிலாப்பூரின் பாரம்பரியத்தைப் பற்றி என்ன அக்கறை இருக்க முடியும்? அந்த அம்மாளும் வாடகை, நானும் வாடகை. என் தாத்தா வாடகை கொடுத்த வீட்டில் என் அப்பா பிறந்தார். அப்பா வாடகை கொடுத்த வீட்டிலிருந்து நான் ரானடே நூலகத்துக்கு நடந்து போய்ப் படித்தேன். பத்திரம் எங்கள் பெயரில் இருந்ததே இல்லை. சொந்தக்காரர்களின் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் போன பிறகு, அந்த வீடுகளில் ஒழுகிய ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைத்தவர்களும், நவராத்திரிக்குப் படி கட்டிக் கொலு வைத்தவர்களும், பங்குனியில் தேர் வரும் வாசலில் தண்ணீர் தெளித்தவர்களும் குடிக்கூலிக்காரர்கள்தாம். அந்த ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? வாடகைக்காரர் கையெழுத்தில் வீடு இடியாது ஐயா.

யார் இந்த இடத்தைச் சேர்ந்தவர் என்கிற கேள்வி வந்தால் அது எங்களோடு நிற்பதும் இல்லை. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் நொச்சிக்குப்பத்து மீனவப் பெண்களின் மீன் கடைகளை அகற்றியபோது, கடற்கரை இனிமேலாவது அழகாக இருக்கும் என்று மகிழ்ந்தவர்கள் இதே வட்டாரத்தில் இருந்தார்கள். 2024 ஆகஸ்டில் புதிய மீன் அங்காடி திறந்தது. நல்லது. ஆனால் அந்த மாதங்களில் அவர்கள் எங்கே உட்கார்ந்து விற்கிறார்கள் என்பதும் கடைசிப் பக்கத்துச் செய்திதான், பாரம்பரியத்தில் சேராது. கச்சேரி சாலை மசூதிப் பக்கத்துச் சந்துகளும், முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்துச் சந்துகளும் கூட்ட அமைப்பாளர்களின் பாரம்பரிய நடைப்பயணத்தில் எப்போதாவது வந்திருக்கின்றனவா? தெப்பக்குளத்தில் தொடங்கிக் காபிக்கடையில் முடிகிற நடை அது. காபி எனக்கும் பிடிக்கும். அந்தக் காபிக்கும் தண்ணீர் வேண்டும்.

காணொளிக்குக் கீழே வாடகைக்காரர்களைப் பற்றி அந்த வரியை எழுதியவர் யார் என்பது எனக்குத் தெரியும், பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் வசிப்பது வேறு நகரத்தில். சென்ற மழைக்காலத்தில் அவருடைய மயிலாப்பூர் வீட்டுச் சம்பில், அதாவது தரையடித் தண்ணீர்த் தொட்டியில், கழிவுநீர் கலந்துவிட்டது என்பதையும், கீழ் வீட்டில் இருக்கும் அவருடைய வயதான அத்தை அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம் என்பதையும் அவருக்கு யார் தெரிவித்தார்கள் என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும். ஒரு குடிக்கூலிக்காரிதான் தெரிவித்தாள்.

மடலில் இடமில்லை என்றால் பரவாயில்லை, கடைசிப் பக்கம் அடுத்த மாதம் தனித் தாளாக வரும். ஜெராக்ஸ் செலவுக்கு மூன்று பேர் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர், மின்தடை, காலி வீடு, மருத்துவ முகாம், மரணம் எதுவானாலும் இருபதாம் தேதிக்குள் எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள்; பகலில் நாங்கள் வீட்டில் இல்லையென்றால் இஸ்திரிக் கடையில் சொல்லிவிட்டுப் போகலாம். பழைய புகைப்படம் இருப்பவர்கள் அமைப்பாளர்களிடம் கொடுக்கவும்.