மாணவர் தேர்தலுக்குத் தடையா? இல்லை

வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “மாணவர் பேரவைத் தேர்தலை உச்ச நீதிமன்றம் 2006-லேயே தடை செய்துவிட்டது. சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழகமே நினைத்தாலும் நடத்த முடியாது.”

இது தவறு. நடந்தது கிட்டத்தட்ட நேர் எதிர். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு, கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் தேர்தல் நடக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, நடைமுறைப்படுத்தச் சொன்னது.

கட்டுப்பாடுகள் உண்டு, அவை கடுமையானவைதான். வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். அந்த ஆண்டில் அரியர் இருந்தால் நிற்க முடியாது. அச்சடித்த போஸ்டருக்கு அனுமதி இல்லை. கையால் எழுதி, நிர்வாகம் குறித்துக் கொடுத்த இடத்தில் ஒட்டலாம். நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்!

அப்புறம் தடை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அமைதியாகத் தேர்தல் நடத்தும் சூழல் இல்லாத இடங்களில் நியமன முறையை வைத்துக்கொள்ள அந்தக் குழு இடம் கொடுத்தது. அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அதுவும் தற்காலிக ஏற்பாடுதான். ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்பது அதே பரிந்துரையின் அடுத்த பாதி.

ஒரு கல்லூரியில் தேர்தல் நடக்கவில்லை என்றால் காரணத்தை நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் மேல் பழி போட முடியாது.