எல்லாப் பழைய சாணைக்கல்லையும் ஊறவைக்காதீர்கள்

"பழைய சவரக்கத்திச் சாணைக்கல் எதுவானாலும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறினால்தான் உயிர் பெறும்" என்று சொல்வது தவறு. நுண்துளை மிகுந்த சில செயற்கை நீர்க்கற்களுக்கு (தண்ணீர் விட்டுத் தீட்டும் கற்கள்) ஊறல் தேவைதான். அதை எல்லாக் கல்லுக்கும் விதியாக்கினால் நல்ல கல்லை இழப்பீர்கள்.

பெல்ஜியத்தின் கோட்டிக்யூல் என்ற இயற்கைச் சாணைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கத்தியைத் தீட்டுவது கல்லுக்குள் இருக்கும் கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய துகள்கள். அது நீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். மேலே சில சொட்டுத் தெளித்தால் போதும். பல கற்களில் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் அடுக்கு ஸ்லேட் கல்லின் மேல் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஊறப்போட்டால் பல்லாண்டுப் பழைய பசை நெகிழ்ந்து, இரண்டும் தனித்தனியாகக் கையில் வரலாம்! ஜப்பானிய இயற்கைக் கற்கள் சிலவற்றில் அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து விரிசல் விடும். அவற்றின் பக்கங்களுக்கு அரக்கு பூசுவது அழகுக்காக மட்டுமல்ல, அந்த நீரைத் தடுக்கவும்தான்.

எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். பிறகு துடைத்து நிழலில் உலரவிடுங்கள். பழைய பெட்டியும் லேபிளும் இருந்தால் நனைக்காமல் தனியே வையுங்கள். கல்லின் வகையை அறியப் பெரும்பாலும் அவைதான் உதவும்.