தொங்கும் தோலுக்கு லைப்போசக்‌ஷன் தீர்வல்ல

உடல் எடை வெகுவாகக் குறைந்த பிறகு தொங்கும் வயிற்றுத் தோலுக்கு லைப்போசக்‌ஷன் போதும் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. தயவுசெய்து திருத்துங்கள். அது கொழுப்பை மட்டுமே எடுக்கும். மீள்தன்மை போன தோல் அதற்குப் பின் இன்னும் தளர்ந்து தொங்கும். உபரித் தோலை வெட்டித்தான் எடுக்க வேண்டும்; இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தழும்பு இருக்கும். பக்கவாட்டிலும் தோல் மிகுந்திருந்தால் நடுவயிற்றில் செங்குத்தாக இன்னொரு தழும்பு சேரும். இரண்டு தையலும் சந்திக்கும் இடத்தில்தான் ரத்த ஓட்டம் குறைவு, அங்கேதான் புண் பிரியும் அபாயம் அதிகம்.

தோலை வெட்டி எடுக்கும் முன் எடை 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். எடை குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள் அதன் பிறகு பொதுவாக 12 முதல் 18 மாதம் காத்திருப்பது நல்லது. அவர்களுக்குப் புரதம், இரும்பு, பி12 குறைந்திருப்பது சகஜம். ஹீமோகுளோபின், ஆல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்) அளவு பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள், அவை குறைந்திருந்தால் புண் ஆறத் தாமதமாகும். புகைப்பவர்கள் முன்னும் பின்னும் 4 வாரமாவது நிறுத்தியே ஆக வேண்டும். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி, தோலின் விளிம்பைக் கருக்கிவிடலாம்.

தோலுக்கடியில் நீர் கோப்பதுதான் அதிகம் வரும் தொல்லை. அதற்காகத்தான் வடிகுழாய். அதில் வடியும் நீர் 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே பெரும்பாலும் அதை எடுப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.