ரோஜர்ஸுக்கு முன்பே ஆட்ரி இருந்தார்

குதிரையேறும் கௌபாய் நாயகன் பாட்டும் பாடுகிற ஹாலிவுட் படங்களை, அதாவது பாடும் கௌபாய் படங்களை, தொடங்கி வைத்தவர் நடிகர் ராய் ரோஜர்ஸ், ஜீன் ஆட்ரி அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர் என்று இந்தப் படங்கள் பற்றிய விவாதத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். இது அப்படியே தலைகீழ்.

ஆட்ரி கதாநாயகனாக நடித்த 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' 1935-லேயே வந்துவிட்டது. அப்போது ரோஜர்ஸ், லியோனார்ட் ஸ்லை என்ற சொந்தப் பெயரில் 'சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்' குழுவில் பாடிக்கொண்டிருந்தார். 1936-ல் ஆட்ரியின் 'தி ஓல்ட் கொரல்' படத்திலேயே சின்ன வேடத்தில் வருவார். கிடைத்தால் பாருங்கள், இருவரையும் ஒரே படத்தில் பார்ப்பது தனி சந்தோஷம்.

ரோஜர்ஸுக்கு வாய்ப்பு வந்த விதமும் ஆட்ரியால்தான். சம்பளத் தகராறில் ஆட்ரி தன் பட நிறுவனமான ரிபப்ளிக் பிக்சர்ஸில் வேலைக்கு வராமல் நின்றுவிட, அவருக்காக வைத்திருந்த படம் ரோஜர்ஸிடம் போனது. அதுதான் 1938-ல் வந்த 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்'. அப்புறம் 1942-ல் ஆட்ரி ராணுவ விமானப் படையில் சேர்ந்ததும், ரிபப்ளிக் தன் விளம்பரத்தையெல்லாம் ரோஜர்ஸ் பக்கம் திருப்பியது. பலர் மனதில் அவரே முதல் ஆளாகப் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, ஆட்ரிதான் முதல் ஆளா? அதுவும் இல்லை. பேசும் படம் வந்த புதிதிலேயே கென் மேனார்ட் திரையில் பாடிவிட்டார். 1933-ல் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'யில் ஜான் வெய்ன்கூட பாடும் கௌபாய்தான், குரல் மட்டும் இரவல்.

இந்தப் பேச்சில் ஹெர்ப் ஜெஃப்ரீஸ் பெயரை யாருமே சொல்லாததுதான் எனக்கு வருத்தம். கறுப்பின ரசிகர்களுக்காக எடுத்த 'ஹார்லம் ஆன் தி பிரெய்ரி'யில் அவர் பாடி நடித்தது 1937-ல், ரோஜர்ஸ் கதாநாயகன் ஆவதற்கு ஒரு வருடம் முன்பு.