வன்னிக்குக் கோல்ஃப் மைதானம் வேண்டாம், ஒரு வலை காணும்

வன்னியில் ஒரு கோல்ஃப் மைதானம் போடலாம் என்கிற கதையை முதலில் முடித்துவிடுவோம். 18 குழி மைதானத்துக்கு 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். அதில் 50 ஏக்கர் புல்லுக்கு மட்டும், கோடையில் நாளுக்கு 5 மி.மீ. தண்ணீர் என்று கணக்குப் பாருங்கள். ஏக்கருக்கு 20,000 லீற்றர், மொத்தம் 10 இலட்சம் லீற்றர், ஒவ்வொரு நாளும். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்று கமக்காரர் கூட்டத்தில் மல்லுக்கட்டுகிற ஊரில் இதைக் கேட்பதே பிழை. சொந்தக் காணி விடுபடாமல் காத்திருக்கும் சனத்துக்கு முன்னால் கேட்பது இன்னும் பெரிய பிழை.

ஆனால் "அது காசுக்காரரின் விளையாட்டு, எங்கட பிள்ளைகளுக்கு ஏன்?" என்று கதவைச் சாத்துவதையும் நான் ஏற்கமாட்டேன். வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மான் டாக்காவின் குர்மிடோலா மைதானத்தில் பந்து பொறுக்கிய பையன். 2010 இல் புருணை ஓபனை வென்றார். தொழில்முறைப் போட்டித் தொடரான ஆசியச் சுற்றில் வென்ற முதல் வங்கதேசத்தவர் அவர்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நாட்டின் கொடியைப் பிடித்து நடந்தவரும் அவரே. இந்திய வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தகப்பன் றோயல் கல்கத்தா கழகத்தில் புல்தரை பராமரித்தவர்; மகன் 2008 இல் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிய இலங்கையரில் மிதுன் பெரேரா, அனுர ரோஹண ஆகியோரோடு என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்களும் இருக்கின்றன. எங்கட வீடுகளில் இந்தப் பெயர்களைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

தொழிலின் காசுக் கணக்கைப் பிள்ளைக்கு ஒளிக்கக்கூடாது. போட்டி பொதுவாக நாலு நாள். முதல் இரண்டு நாள், 36 குழி முடிந்ததும் 'கட்' விழும். இந்தியச் சுற்றில் வழமையாக முதல் 50 இடமும் அந்த எண்ணிக்கையில் சமனாக நிற்பவர்களும் உள்ளே. மற்றவர்கள் அன்றைக்கே மூட்டை கட்டவேண்டும், ஒரு சதமும் இல்லை. நுழைவுக் கட்டணம், விமானச் சீட்டு, விசா, அறை வாடகை எல்லாம் அதற்கு முன்பே கையை விட்டுப் போயிருக்கும். பை தூக்கும் கெடிக்கு வாரக்கூலி தனி. வென்றால் பரிசில் 10 வீதம், முதல் பத்துக்குள் வந்தால் 7, கட் தாண்டினால் 5 என்பது பரவலான வழக்கம். நன்றாக ஆடியும் கடனோடு திரும்புகிறவர்கள் இருப்பது இதனால்தான்.

சரி, மைதானமே இல்லாத இடத்தில் எதைப் பழகுவது? பார் 72, அதாவது 18 குழிக்கும் சேர்த்து எதிர்பார்க்கும் 72 அடி என்ற கணக்கிலேயே, குழிக்கு இரண்டு என்று 36 அடி பட்டருக்கு, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டைக்குத்தான். பாதி ஆட்டம் தரையோடு உருளுகிறது! நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் ஒன்றும் மெல்லிய கம்பளத் துண்டும் போதும். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மி.மீ. கடையில் வாங்கும் 110 மி.மீ. பிவிசி குழாயின் உள்வாய் அதைவிடக் கொஞ்சம் சிறியது. வளையமாக வெட்டி, பந்து நுழைய முன்பக்கத்தைத் திறந்துவிட்டுத் தரையில் வைத்து, ஒரு மீற்றரில் தொடங்கி, தொடர்ந்து 50 விழும்வரை தூரத்தைக் கூட்டவேண்டாம்.

வேகமான அடிக்கு வலை. முல்லைத்தீவுக் கரையில் பழைய வலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லா வலையும் சரிவராது. பந்தின் விட்டம் 42.67 மி.மீ., ஆகவே கண் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தங்கூசி (ஒற்றையிழை நைலோன்) வலை வேண்டாம். வெயிலில் நைந்து, அடிவாங்கிய இடத்தில் அறுந்து, பந்து பின்னால் நிற்பவரின் நெஞ்சுக்குப் போகும். கரைவலையில் மீன் சேரும் மடிப்பகுதிதான் தடிப்பும் நெருக்கமும். அதை இரண்டு மடிப்பாக, நடுவே ஒரு அடி இடைவெளி விட்டு, அடிப்பவரிலிருந்து மூன்று மீற்றர் தள்ளித் தொங்கவிடவேண்டும். இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி முகத்துக்கே வரும். தளர்வாக விட்டு, கீழ்விளிம்பு தரையில் கிடக்கட்டும்.

எங்கட பிள்ளைகளுக்கு வரும் முதல் நோய் கிரிக்கெட் கை. மென்பந்தில் லெக் பக்கம் இழுத்து அடித்த பழக்கத்தில் மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வரும், மட்டையின் முகம் திறந்து நிற்கும், வலக்கைக்காரரின் பந்து வளைந்து வலப்பக்கம் ஓடும். பெரிய மட்டையைக் கொடுத்தால் இந்த நோய் முற்றும். முதல் ஆறு மாதம் கிட்டத் தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கும் ஒரு வெட்ஜ், நடுத்தரத் தூரத்துக்கு ஒரு 7 ஆம் இலக்க இரும்பு மட்டை, ஒரு பட்டர். விதி 14 மட்டைவரை விடுகிறது என்பதற்காகப் பதினாலும் வாங்கத் தேவையில்லை.

வெட்ஜ் வாங்கும்போது 'பவுன்ஸ்' எண்ணை, அதாவது அடித்தட்டின் சாய்வுப் பாகையைப் பாருங்கள். 12 பாகை புதைமணலுக்கும் ஈரப்புல்லுக்கும் செய்தது. எங்கட காய்ந்த கிரவல் தரையில் அதன் அடித்தட்டு எகிறி, ஓரம் பந்தின் நடுவயிற்றில் பட்டு, 20 மீற்றர் போகவேண்டிய பந்து 60 மீற்றர் பாயும். பிள்ளை தன் கையைத்தான் குறைசொல்லும். 4 முதல் 8 பாகைக்குள் எடுங்கள்.

உண்மையான புல்லுக்குப் போகும் காலம் வரும்போது, கிட்டடியில் உள்ளவற்றில் ஒன்று திருகோணமலை சீனக்குடா. விமானப்படையின் மைதானம் என்பதால் தயங்கும் பெற்றோரைக் குறைசொல்லமாட்டேன். தயக்கம் உள்ளவர்கள் நுவரெலியாவையோ திகன விக்டோரியாவையோ விசாரிக்கலாம். போகும்போது, குழிக்கு எத்தனை அடி என்று குறிக்கும் புள்ளி அட்டை எழுதவும் பழகியிருக்கவேண்டும். அடித்ததைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்து வைத்தால் வெளியேற்றம். கூட்டி எழுதினால் அந்தக் கூடின எண்ணே நிற்கும். 1968 இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆர்ஜென்டீன வீரர் றொபேர்ட்டோ டி விசென்சோ 17 ஆம் குழியில் அடித்தது 3. கூட ஆடியவர் 4 என்று எழுதிக் கொடுத்த அட்டையைச் சரிபார்க்காமல் கையெழுத்து வைத்தார், சமனில் நின்று பிளே-ஓப் (வெற்றியாளரைத் தீர்மானிக்கும் மேலதிக ஆட்டம்) ஆடும் வாய்ப்பு அதோடு போனது.